வருகிறவருக்கு விட்ட இடம்

மார்ச் 4

என் அருமைக் கேமராமேனுக்கு,

நலம். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

நம் வாலுவின் வீடியோ போனில் வந்தது. முன்பல் விழுந்ததை என்னிடம் சொல்லவே இல்லையே? இருக்கட்டும், ஒரு சந்தேகம். டி.வி.யில் ஊரையே படம் பிடிக்கிறவர் பெற்ற பெண்ணை இப்படியா எடுப்பது? பிள்ளை வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறாள், இடது பக்கம் வெறும் சுவர். போன மாதமும் இதே கதைதான். வார்டில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா, "உங்க வீட்டுக்காரருக்குக் கை கோணலா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

அவள் முகம் தெளிவாக இருக்கிறது, பின்னால் எல்லாம் மங்கல். அந்த மங்கலில் நீலமாக ஏதோ தொங்குகிறதே, என் மழைக்கோட்டா?

உங்கள் நர்ஸ்


மார்ச் 19

அன்புள்ள சிஸ்டருக்கு,

கோபப்படாதே. நீ எனக்கு முதன்முதலில் ஊசி போட வந்தபோது அப்படித்தானே கூப்பிட்டேன்!

எது தெளிவாக இருக்கிறதோ, அங்கேதான் கண் போகும். அதற்காகத்தான் பின்னால் மங்கலாக விடுவது. யார் பார்த்தாலும் அவளுடைய பொக்கை வாயைத்தான் பார்ப்பார்கள். நீ ஒருத்திதான் சுவரில் இருக்கும் கொக்கியைப் பார்த்திருக்கிறாய். ஆமாம், உன் கோட்தான். "அம்மா கோட்டுல கை வெச்சீங்க, அவ்வளவுதான்!" என்று வாலு என்னை மிரட்டி வைத்திருக்கிறாள்.

காலி இடம் கோணல் இல்லை. ஸ்டுடியோவில் ஒருவர் உள்ளே வரப்போகிறார் என்றால், முன்னாலேயே அவருக்கு இடம் விட்டுத்தான் ஃப்ரேம் வைப்போம். பார்க்கிறவர்களுக்கும் யாரோ வரப்போகிறார்கள் என்று தோன்றிவிடும். படத்தில் அந்த இடது பக்கம்தானே நம் வாசல்? ஜூனில் அந்த ஊர் ஆஸ்பத்திரியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. நான் வேறு எப்படி எடுப்பேன்? சீக்கிரம் வந்து சேர். நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

உன் கோணல் கை


மே 2

என் அருமைக் கேமராமேனுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை வருட ஆசை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இன்னும் இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். உங்களைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் சரி என்றிருப்பேன்.

திட்டுங்கள். ஆனால் எழுதித் திட்டுங்கள்.

உங்கள் நர்ஸ்


ஜூன் 11

என்னங்க,

கடிதம் வரவில்லை. வீடியோ மட்டும் வந்தது.

வாலு நட்டநடுவில் நிற்கிறாள். இரண்டு பக்கமும் சமம், தலைக்கு மேலே அளவான இடம். அக்கா பார்த்துவிட்டு, "இப்பத்தான் கை நேராச்சு" என்றார். நானும் சிரித்தேன். பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் அன்றைக்கு விளக்கம் சொல்லாமல் இருந்திருந்தால், அக்காவைப் போல நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எனக்கு அந்தப் பக்கத்தில் இடம் வேண்டும். முழு ஆளுக்கு வேண்டாம். ஒரு தோள் நுழைகிற அளவு விட்டால் போதும், ஒருக்களித்து நின்றுகொள்கிறேன்.

பிள்ளை வளர்ந்துவிட்டாள். கொக்கி இருந்த இடத்தை அவளே மறைத்துக்கொண்டு நிற்கிறாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கோட் அங்கேயே இருக்கிறதா, எடுத்து மடித்து வைத்துவிட்டீர்களா, தெரியவில்லை.

அடுத்த முறை அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் சிஸ்டர்