கடலை மோர்

1946 பிப்ரவரி 11

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் இன்றும் வரவில்லை. பிள்ளைகளைத் தலைக்கு எண்ணெய் வைத்து வரச் சொல்லி வாரம் முழுக்கக் காத்திருந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் மதலேனம்மாள் கொல்லையில் குனிந்து நிற்கிறாள். மதியம் சாப்பிட்ட ரசச் சோறு அப்படியே வெளியே வந்துவிட்டது. தை மாதம் முழுக்க இதே கதை. வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது போல் எரிகிறதாம். எரியாமல் என்ன செய்யும்? புளியையும் மிளகாயையும் விட்டால் அவள் சோற்றில் ஊற்றிக்கொள்ள வேறென்ன இருக்கிறது? எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு மருதாயியிடம் மோர் வாங்கித் தன் கையாலேயே ஊற்றுவாள். தான் ஒரு சொட்டு நாக்கில் வைக்க மாட்டாள்.

சிங்கப்பூர் விழுந்த சேதி வந்த அன்று அடைக்கல மாதா முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டு வந்தாள். மரிய செல்வம் திரும்பி வரும்வரை பால், தயிர், மோர், நெய் எதுவும் தொடுவதில்லை என்று. எங்களுக்கு ஒரே மகன். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சண்டை முடிந்து பிடிபட்டவர்கள் எல்லாம் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இன்றும் நன்றாகத் திட்டினேன். “உன் வயித்தக் காயப் போட்டா அவன் கப்பல் சீக்கிரம் வந்துருமா?” என்றேன்.

“வரும்” என்றாள்.

இவளோடு யார் பேசுவது!

பிப்ரவரி 19

லீவு போட்டுவிட்டு அரியலூருக்கு அழைத்துப் போனேன். கரி மூட்டி ஓட்டும் பஸ் ஏலாக்குறிச்சியிலிருந்து நகர்வதற்குள் விடிந்து வெயிலே ஏறிவிட்டது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடலில் புண். புளி, காரம் கூடவே கூடாது. மோர்ச் சோறு, மோர்க் கஞ்சி, அவ்வளவுதான் ஆகாரம் என்றார்.

“மோர் ஆகாதுங்க” என்றாள் இவள்.

“ஏம்மா, குடிச்சா வாந்தி வருதா?”

“நேர்ச்சைங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டினேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 3

புதன்கிழமை நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிறது. அதற்குள் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று பூசை முடிந்ததும் கோயில் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனுஷர். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, மோருக்குப் பதிலாகத் தினம் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்லட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

இவள் கைகூப்பிக்கொண்டு சொல்கிறாள்: “சாமி, நான் உங்ககிட்ட நேந்துக்கலைங்களே.”

சாமியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22

இடுப்புச் சேலை நிற்கவில்லை என்று கயிறு கட்டிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 9

எழுதத்தான் வேண்டுமா? வேறு யாரிடம் சொல்வது.

மருந்து வாங்க அரியலூர் போனேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மலாயாவிலிருந்து வந்த ஆள் ஒருவன் இருப்பதாகக் கடைக்காரர் காட்டினார். செந்துறைக்காரன், பெயர் அய்யம்பெருமாள். எலும்பும் தோலுமாக இருந்தான். மகன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“கிராணியோட அப்பாங்களா?”

சயாம் தேசத்துக்கு ரயில் போடத் தோட்டத்து ஜனங்களை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மூங்கில் காட்டுக்குள் கொட்டகை. மழை. காலரா.

“நாந்தாங்க குழிக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒரு ராவுல எத்தினி பேருங்க... உங்க மவன் எங்களுக்கெல்லாம் நல்லவரா இருந்தாருங்க. ஊருக்கு எழுதிப் போடலாம்னா எனக்கு எழுத்து தெரியாதுங்க. நேர்ல வந்து சொல்ல வாய் வரலைங்க.”

வேறு யாரையாவது அவன் என்று நினைத்திருப்பாயோ என்று கேட்டேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றான். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசற்படியில் விழுந்தது. நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

மருந்து வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. பை காலியாகத்தான் இருக்கிறது.

வாசலிலேயே நின்றாள். “சேதி எதுனா உண்டாங்க?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

ஏப்ரல் 10

சொல்லவில்லை.

ஏப்ரல் 13

சொன்னால் நேர்ச்சை தீர்ந்துபோகும். வருவதற்கு ஆள் இல்லை என்றான பிறகு எதற்கு விரதம்? அன்றைக்கே மோர் குடிக்கலாம், புண் ஆறிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடுவாள்? அவன் வருவான் என்கிற ஒன்றுதான் அவளை அடுப்படி வரைக்கும் நடக்க வைக்கிறது. சொல்லாமல் விட்டால் வயிறு அவளைத் தின்றுவிடும்.

எப்படிப் பார்த்தாலும் நானே கொல்கிறேன். ஐயோ, நான் என்னதான் செய்ய! மாதாவே, அவன்தான் போயிட்டான். இவளையாவது விட்டு வையேன்.

ஏப்ரல் 16

மாடு சம்பந்தப்படாத மோர் ஒன்று செய்ய முடியாதா? பைத்தியக்கார யோசனைதான். தேங்காய்ப் பாலில் தண்ணீர் விட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்து நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டு, “இத தலைக்குத் தேச்சுக்கவா?” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அவன் ஞாபகம் வந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

ஏப்ரல் 18

நீராகாரத்தில் எலுமிச்சை. எரிச்சல் தாங்காமல் சுருண்டு படுத்துவிட்டாள். இனி எலுமிச்சையைத் தொடக் கூடாது.

ஏப்ரல் 21

பாஸ்குத் திருநாள், ஆண்டவர் உயிர்த்த நாள். ஊரெல்லாம் ஒருசந்தி விரதம் முடிந்து கறி வாசனை. இவளுக்குக் கஞ்சித் தண்ணீர். “அடுத்த பாஸ்குக்கு அவன் இருப்பான், சேந்து சாப்புடலாம்” என்றாள். ஆமாம் என்றேன். இந்த நாக்கு எப்படித்தான் ஆமாம் என்கிறதோ.

ஏப்ரல் 29

பச்சை நிலக்கடலையை மென்றுகொண்டிருந்தபோது வாயில் பாலாக ஊறியது. நம் பக்கத்தில் கடலைக்கா பஞ்சம்? ஊறப்போட்டு, தோலை உரித்து, ஆட்டுக்கல்லில் அரைத்துத் துணியில் பிழிந்தேன். பார்த்தால் சாட்சாத் பால். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. குடித்துப் பார்த்தால் பச்சை வாடை குமட்டுகிறது. கொட்டிவிட்டேன்.

மே 2

நன்றாகக் கொதிக்க வைத்து, நுரையை எடுத்துப் போட்டால் வாடை பாதி போகிறது. ஆனால் வெறும் பால்தான். புளிக்காதது எப்படி மோராகும்?

மருதாயி எட்டிப் பார்த்தாள். வாத்தியார் மாவாட்டுவதை ஊரே பேசுகிறதாம். விஷயத்தைச் சொன்னேன். “இதுக்காய்யா இம்புட்டுப் பாடு? ஒரு சொட்டு ஒறை மோர் வுட்டா காலையில கட்டியா நிக்கும். ஒரு சொட்டு அம்மாவுக்கு என்ன தெரியப் போவுது?” என்று கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கரண்டியில் எடுத்துச் சட்டிக்கு மேல் பிடித்தேன். மதலேனம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். விடு, விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருக்காக இந்த நேர்ச்சை? அவன் எங்கோ மூங்கில் காட்டில் கிடக்கிறான். இந்த ஒரு சொட்டால் அவனுக்கு இனி என்ன கெட்டுப்போய்விடும்?

கை வரவில்லை. கிண்ணத்தோடு கொண்டுபோய்ச் சாம்பல் குழியில் ஊற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நானும் அவன் வருவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா?

மே 3

ஏன் முழித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டாள். பால் உறைய மாட்டேன் என்கிறது என்றேன்.

“ஒறை மோர் இல்லாத வூட்டுல பச்ச மொளகா காம்பக் கிள்ளிப் போடுவாங்க. வெதுவெதுன்னு இருக்கறப்ப போடணும்.”

முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று வழக்கமாகக் கத்தியிருப்பேன். பேசாமல் மிளகாய் பறிக்கப் போனேன்.

மே 5

உறைந்துவிட்டது! தயிர் மாதிரிக் கட்டியாக இல்லை. தொளதொளவென்று, மேலே மஞ்சள் தண்ணீர். ஆனால் புளிப்பு இருக்கிறது. மத்துப் போட்டுக் கடைந்து, தண்ணீர் கூட்டி, உப்பும் தட்டிய இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுச் சோற்றில் ஊற்றினேன். மெல்லச் சாப்பிட்டாள். வெளியே வருமோ என்று கூடவே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

“மோரு மாதிரியேதான் இருக்கு” என்றாள். இல்லை, கடலை வாடை அப்படியே அடிக்கிறது. எனக்குத் தெரியும்.

ஜூன் 24

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. காலையில் அரைத்துக் காய்ச்சி, சாயங்காலம் வந்து முந்தின நாள் கடலை மோரையே உறை ஊற்றிவைக்கிறேன். வெயிலுக்குச் சில நாள் கெட்டு நூலாய் இழுக்கிறது, கொட்டவேண்டியதுதான். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

உடம்பு தேறத் தேற அவனைப் பற்றிய பேச்சும் கூடுகிறது. அவனுக்கு வரதராஜன்பேட்டையில் பெண் இருக்கிறதாம். நான் கடலைத் தோலை உரித்துக்கொண்டு உம் போடுகிறேன். அவளைப் பிழைக்க வைத்து எதற்குக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன்? தினம் தினம் பொய்யைத்தான் அரைத்து ஊற்றுகிறேன்.

ஆகஸ்ட் 21

நாகப்பட்டினத்துக்கு மலாயாவிலிருந்து கப்பல் வருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? போனேன். அவனுக்கு என்று முறுக்குச் சுட்டுக் கொடுத்திருந்தாள்.

துறைமுகத்து வெயிலில் நின்றேன். படகு படகாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவன் புருவத்தைக்கூடப் பார்த்தேன். கடைசிப் படகும் காலியான பிறகு முறுக்கை ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

“வரலை” என்றேன்.

“அடுத்ததுல வருவான்” என்றாள். எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள்!

அக்டோபர் 13

புதுக் கடலை வந்திருக்கிறது. வாடை குறைவு. இதைச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு அவள்தான் இருக்கிறாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். என் அப்பா அம்மா கல்லறையில் மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். சாமியார் மந்திரித்துவிட்டுப் போனார். கிளம்பலாம் என்று திரும்பினால் இவளைக் காணவில்லை.

கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் நின்றாள். இந்த ஊரில் குழி இல்லாதவர்களுக்கு, தூர தேசத்தில் செத்தவர்களுக்கு, அங்கேதான் ஏற்றுவார்கள். முந்தானையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துப் பக்கத்துச் சுடரில் பற்றவைத்து ஊன்றினாள். காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டாள். நான் அருகே போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: “மருதாயி வூட்டுல மோர் இருந்தா ஒரு செம்பு வாங்கியாங்க. எனக்குத்தான்.”

நாலு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டதும் வேண்டாம் என்று கத்தவேண்டும் போல் இருந்தது.

“எப்ப தெரியும்?” என்றேன்.

“நீங்க கடலை உரிக்க உக்காந்தப்பவே. வருசக்கணக்கா என்னத் திட்டித் தீத்த மனுசன், ஒரு நாளு வாயத் தொறக்காம எனக்காக மாவாட்டுறாரு. வேற என்னங்க அர்த்தம்?”

“அப்புறம் ஏன் நாகப்பட்டினத்துக்கு அனுப்புன?”

“ஒருவேளை வந்துட்டான்னா?”

பிறகு கொஞ்ச தூரம் நடந்து, “எனக்கும் இன்னும் கொஞ்ச நாளு வேண்டியிருந்துச்சு” என்றாள்.

மருதாயி செம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தாள். கொண்டுவந்து கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவளே வாங்கிக்கொண்டாள். நின்றபடியே, அண்ணாந்து, முழுக்கக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குக் கடலை வேணாம்” என்றாள்.

காலையிலேயே ஊறப் போட்டுவிட்டேனே என்றேன்.