ஒரே சர்வரில் இரண்டு பெயர்கள்

இன்று சர்வரின் மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். உள்ளேயிருந்து தோலும் பசையும் கலந்த வாடை இன்னும் வருகிறது. ஆம்பூரில் ஏதோ ஷூ கம்பெனி ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர். பாசஞ்சர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே காட்பாடியில் இருக்கும் என் வீடு வரை கொண்டுவந்தாய்.

"இன்னாடா, ரூமே கம்பெனி மாதிரி நாறுது" என்றேன்.

"எங்கம்மா புடவை பூரா இந்த வாடைதான். பழகிக்கோ."

இருந்தது ஒரே இணைப்பு, ஒரே முகவரி எண். அதில் என் இணையதளமும் உன் இணையதளமும் ஓட வேண்டும். வருகிறவர் எந்தப் பெயரைக் கேட்கிறாரோ, அதற்குரிய ஃபோல்டரை சர்வர் காட்டும். "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். தபால்காரன் பேரைப் பார்த்துக் குடுப்பான், அவ்ளோதானே?" என்றாய். அவ்வளவுதான். அவசரத்தில் உன் பெயரை சர்வரின் அமைப்புகளில் எழுத மறந்துவிட்டேன். பொருந்தாத பெயரெல்லாம் முதலில் இருக்கும் தளத்துக்குப் போகும். அது என்னுடையது. நீ போனில் கத்தினாய்: "டேய், என் பேரைத் தட்டுனா உன் மூஞ்சி வருது. பேஜாரா இருக்கு!"

அந்தப் பெயரை நீ வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று நாமே எழுதிவைக்கும் என் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி போட்டிருந்தேன். இந்தப் பெயரென்றால் வெளியே விசாரிக்காதே, மூலையில் இருக்கிற இந்த மிஷினுக்கே போ. வேலை முடிந்ததும் எடுக்க வேண்டிய வரி. எடுக்கவில்லை.

பிறகு நெடுஞ்சாலையில் உன் மேல் ஏறிய அந்த லாரி.

உன் தளத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பாலாற்று மணல், ஸ்டேஷன் நாய்கள், தையல் மிஷினில் உன் அம்மாவின் கைகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே உன் நக்கல். சாப்பாட்டு வேளையில் அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, அவன் பக்கம் வர்லப்பா."

லேப்டாப்பில் தட்டினேன். வந்தது. "எனக்கு வருதும்மா. உங்க போன்ல நெட்டு கம்மியா இருக்கும்."

இன்னும் இரண்டு முறை கேட்டார். அதையே சொன்னேன், குரலில் கொஞ்சம் எரிச்சலோடு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து ரயிலேறி வந்து, போனை என் கையில் கொடுத்தார். உன் பெயரில் யாருடைய கடையோ திறந்தது. என் போனிலும் அதே கடை. வருஷா வருஷம் பணம் கட்டிப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகளெல்லாம் நீ திறக்கவே முடியாத உன் மெயிலுக்குப் போயிருக்கின்றன. அம்மா முதல்முறை கேட்ட அன்றே வேறொரு போனில் பார்த்திருந்தால், இன்னொருவர் வாங்குவதற்குள் பெயரைப் பிடித்திருக்கலாம். நான் பார்த்தது அந்த ஒரு வரி காட்டிய உன்னை.

உன் ஃபோல்டரை என் பெயரின் கிளையாகவும் சேர்த்து, அம்மா போனில் திறந்து கொடுத்தேன். படங்கள் எல்லாம் வந்தன. அவர் மேலே முகவரியைப் பார்த்தார்.

"இதுல உன் பேரு கீதே. அவன் பேரு எங்கப்பா?"

ரயிலுக்கு நேரமாயிற்று என்றேன். ஆகவில்லை.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்த வரி இன்னும் இருக்கிறது. எத்தனையோ முறை அழிக்கப் போய், மூடிவிட்டேன். உலகத்தில் இந்த ஒரு லேப்டாப்பில்தான் உன் பெயரைத் தட்டினால் நீ வருகிறாய். பார்க்க வேண்டியவர் ஆம்பூரில் இருக்கிறார்.