அண்ணன் சட்டையும் அப்பாவின் அளவும்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போன வாரம் பேசும்போது இருமினாயே, அது நின்றதா? வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. உன் சித்திக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக நடக்கிறது. சமையலறையில் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததை அப்பா துணி சுற்றிக் கட்டினார், இப்போது துணியும் சேர்ந்து ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதைப் போனில் ஆரம்பித்தால் நான் பாதியில் அழுவேன், நீயும் அழுவாய், அழுது முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். என் எழுத்து உனக்குத் தெரியும், நாலாம் வகுப்போடு நின்ற கை. கோணலாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

அண்ணன் அந்தக் காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. நீ வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போனாயே, அதற்கு மறுநாள் காலையில் அப்பா பீரோவைத் திறந்து அண்ணனுடைய சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான் பார்த்தேன். ஏதோ ஒரு நாளைக்கு என்று நினைத்தேன். அதிலிருந்து தினமும் அதுதான். ஐந்து முழுக்கைச் சட்டை இருக்கிறது, மாற்றி மாற்றிப் போடுகிறார். உன் அண்ணன் எப்படி இருப்பான், கதவு நிறைய நிற்பான். அப்பா அவன் தோளுக்குத்தான் வருவார், இந்த ஏழு மாதத்தில் அதிலும் பாதி ஆகிவிட்டார். தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கும். கையை நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வார், தெருக்கோடிக்குப் போவதற்குள் இரண்டு மடிப்பு இறங்கிவிடும். சட்டை அப்பாவை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். தெருவில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய்க் குழாயைப் பார்ப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பா வேலை பார்க்கிற அச்சுப் பிரஸ்ஸிலிருந்து ஃபோர்மேன் வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை. அண்ணி, உங்க வீட்டுக்காரர் பேப்பர் விடும்போது கைமடிப்பு அவுந்து உருளைக்குள்ள போயிருச்சு, நான் பக்கத்துல இருந்ததால மிஷினை நிறுத்தினேன், இன்னிக்கு பட்டன் போச்சு, நாளைக்கு விரல் போச்சுன்னா உங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், அவரோட சொந்தச் சட்டையைப் போட்டு அனுப்புங்க, இல்லன்னா மிஷின் பக்கமே விடமாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார். மறுநாளிலிருந்து அப்பாவை மூலையில் உட்காரவைத்துப் பேப்பர் எண்ணச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷம் மிஷின் ஓட்டின மனுஷன். நான் அவருடைய பழைய சட்டையைத் தேய்த்துக் கட்டில்மேல் வைத்தேன். அதை அப்படியே எடுத்துப் பீரோவில் வைத்தார். வேலை போனாப் போகட்டும், இதைக் கழட்டச் சொல்லாதே என்றார். அவர் சட்டையைக் கழற்ற மாட்டார், அந்தச் சட்டையோடு மிஷினைத் தொடவிட மாட்டார்கள். அப்படியானால் சட்டைதான் அவர் அளவுக்கு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கடையில் கொடுத்தால் அரை நாளில் அளவு குறைத்துப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், தெரியும். அவன் சட்டையில் வேறு யாரோ கத்தரி வைப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நானோ பொத்தான் தைப்பதைத் தவிர ஊசி பிடித்தவள் இல்லை. தெருக்கோடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறதே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுமே, அதனிடம் போய்க் கற்றுக்கொடு என்று கேட்டேன். முதலில் சிரித்தது. அப்புறம் எதற்கு என்று சொன்னேன், ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டது. காலையில் அப்பா போனபிறகு ஒரு மணி நேரம் அங்கே போவேன். முதல் வாரம் மிஷின் மிதிக்கத்தான் பழகினேன். நான் முன்னால் மிதித்தால் அது பின்னால் போகும், நூல் குருவிக்கூடு மாதிரி அடியில் சுருட்டிக்கொள்ளும். ஏம்மா, தைக்கிறீங்களா உழுறீங்களா என்று கேட்கும் அந்தக் கழுதை. என் பழைய பாவாடை, தலையணை உறை, எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். நான் அழவில்லை என்று நினைக்காதே. தைக்கும்போது அழ முடியாது, கண் மறைத்தால் ஊசி விரலில் ஏறிவிடும். அதனாலேயே அந்த ஒரு மணி நேரம் எனக்கு நல்லதாக இருந்தது.

சட்டை பிடிப்பது எப்படியென்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது. சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, மணிக்கட்டிலிருந்து அக்குள் வரைக்கும், அங்கிருந்து கீழ் ஓரம் வரைக்கும் ஒரே கோடாகச் சாக்கால் வரைந்து, கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மிஷினில் ஓட்டவேண்டும். தோள்பட்டைக்குத்தான் கையையே பிரித்து எடுத்து உள்ளே தள்ளி வைக்கவேண்டும், அது கஷ்டம். மிச்சத் துணியை வெட்டிறலாம்மா, அப்பத்தான் நல்லா உக்காரும் என்றது. வெட்டமாட்டேன் என்றேன். அப்போ உள்ள மடிச்சு வைங்க, தோள்ல கயித்தை வச்சுத் தைச்ச மாதிரி மொத்தமா இருக்கும், பரவாயில்லையா என்றது. பரவாயில்லை என்றேன்.

இனிமேல் சொல்வதைக் கேட்டு நீ சிரிக்கலாம். சட்டை பிடிக்க ஆள் அளவு வேண்டுமே. அப்பாவிடம் கேட்டால் விடமாட்டார். எனக்கு டேப்பில் நம்பர் பார்க்கவும் சரியாக வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துத் தூங்கும்போது ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய், தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு இரண்டு முடிச்சு, மார்புக்கு மூன்று முடிச்சு என்று போட்டுக்கொண்டு வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருடி மாதிரி அளந்தேன். அவர் எப்படிப் படுப்பார் என்று உனக்குத் தெரியுமே, ஒருக்களித்து, கையை மடித்துத் தலைக்கடியில் வைத்து, தோளைக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டு. அந்த அளவுக்கே நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பிடித்தேன். பத்து நாள் வேலை. தைத்து, தேய்த்து, அவர் எடுக்கிற இடத்திலேயே மாட்டிவைத்தேன். திங்கட்கிழமை காலையில் எடுத்து மாட்டினார். கை மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. தோள் முன்னால் இழுத்துக்கொண்டு, கையைத் தூக்கவும் முடியவில்லை இறக்கவும் முடியவில்லை. பிற்பாடு இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு அவரு தூங்கத்தாம்மா முடியும் என்றது.

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கண்ணாடி முன்னால் அப்படியே நின்றார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். வலது கையை இடது தோளில் வைத்துத் தடவிக்கொண்டே, இந்தத் தோள் தையல் எங்க வந்து விழுமோ அதுவரைக்கும் அவன் தோள் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், தினமும் போட்டதும் இங்க தொட்டுப் பார்ப்பேன், இப்ப எங்க போய்த் தொடுவேன் என்று கேட்டார். மகளே, ஏழு மாதமாக அந்தச் சட்டையை அவர் எதற்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறவள், எனக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துச் சட்டையைக் கழற்றினேன், உள்பக்கம் திருப்பி மடியில் விரித்துக் காட்டினேன். வெட்டலைங்க, ஒரு நூல்கூட வெட்டலை, எல்லாம் இங்கேயே மடிஞ்சு இருக்கு என்றேன். பழைய தையல் போன வழி சின்னச் சின்ன ஊசி ஓட்டையாக வரிசையாகத் தெரிந்தது. அவர் நகத்தால் அதைத் தடவிக்கொண்டே கடைசிவரைக்கும் போனார். அப்போ வேணும்னா பிரிச்சுக்கலாமா என்றார். பிரிச்சுக்கலாம் என்றேன். எப்ப வேணும்னாலுமா என்றார். எப்ப வேணும்னாலும் என்றேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் தூங்கும்போது நூல் வைத்து அளந்ததையும் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தானாகவே வந்து என் முன்னால் நின்றார். தூங்கறவனை அளந்தா இப்படித்தான் வரும், இப்ப அளந்துக்கோ என்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கணுமா விடணுமா என்று வேறு கேட்டார். மனுஷங்க நிக்கிற மாதிரி நில்லுங்க என்றேன். மார்பைச் சுற்றி நூலைக் கொண்டுபோனால் நான் நினைத்ததற்கு நாலு விரல் முன்னாலேயே இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது. ரொம்ப இளைத்துவிட்டார். நானும் அப்படித்தான் இருப்பேன் போல, நீ எப்ப இப்படி ஆனே என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஏழு மாதத்தில் நாங்கள் அவ்வளவு கிட்ட நின்றது அன்றைக்குத்தான். அப்புறம் அவரே பிளேடு வைத்துத் தையல் பிரித்துக் கொடுத்தார், என்னைவிட நிதானமான கை. மூன்று சட்டையை வேலைக்கென்று பிடித்திருக்கிறேன். மற்ற இரண்டும் அப்படியே இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்றைப் போட்டுக்கொள்வார். இருக்கட்டும். வீட்டில் மிஷின் உருளை இல்லை.

போன வியாழக்கிழமை சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். மறந்தார் என்பது பொய், நான்தான் எடுத்துக் கொடுக்கவில்லை, சட்டையைப் பற்றி ஃபோர்மேன் என்ன சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். அப்பா மிஷின் முன்னால் நின்றிருந்தார். கை மணிக்கட்டோடு கச்சிதமாக நின்றிருந்தது. தோள் மட்டும் கொஞ்சம் மொத்தமாக, மூட்டை தூக்குகிறவர் மாதிரி, அது என் கைவேலை. மை கொண்டுவருகிற ஆள் ஒருவர், அவருக்கு நம் வீட்டுச் சங்கதி தெரியாது போல, என்னண்ணே புதுச் சட்டையா, அளவெடுத்த மாதிரி இருக்கே என்று கேட்டார். ஃபோர்மேன் அந்த ஆளுக்குக் கண்ணைக் காட்டினார். அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, இல்லப்பா, இது என் பையன் சட்டை, நல்ல உசரமான பையன், போயிட்டான், என் சம்சாரம் எனக்குப் பிடிச்சுக் குடுத்தா என்றார். அதோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அவன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வதையும், இடித்தது அவன் தப்பில்லை நிலையின் தப்பு என்று சண்டைக்கு நிற்பதையும் சொன்னார். ஃபோர்மேன் மிஷினை நிறுத்திவிட்டார். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் உள்ளே போகவில்லை, அவர் பேசி முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

இன்னொன்றும் உன்னிடம் ஒத்துக்கொள்ளவேண்டும். நீ போனில் அப்பாவைக் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், வேண்டாம் என்று கையை ஆட்டுவார். உன் குரலும் அண்ணன் குரலும் போனில் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் காரணமாக இருக்கும். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பார் என்று நீயும் கேட்டதில்லை, நீ நல்ல பெண். நேற்று அவராகவே, சின்னவ எப்பக் கூப்பிடுவா என்று கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், அந்த இருமலை அசட்டையாக விடாதே. உன் வேலையும் உன் மனசும் நல்லபடியாக இருக்க நாங்கள் இருவரும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன், அப்பாதான் எடுப்பார். முதலில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. வைத்துவிடாதே, காத்திரு.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா