முப்பது அடி வாய்க்காலை மட்டும் விட்டுவைக்க வேண்டி

அனுப்புநர்
ச. பூவம்மாள் (வயது 68),
க/பெ. சடையப்பன்,
ஏரிக்கரைத் தெரு, ஆரம்பாக்கம்,
கும்மிடிப்பூண்டி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
வாய்க்கால் தூர்வாரும் பணியின் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கும்மிடிப்பூண்டி.

பொருள்: வரும் திங்கட்கிழமை தூர்வாரும்போது முப்பது அடியை விட்டுவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: அதே வாய்க்காலை உடனே தூர்வாரக் கோரி நானே கொடுத்த மனு, நாள் 04.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட மனுவைக் கொடுத்தவளும் இதைக் கொடுப்பவளும் ஒருத்தியே. இதுவரை நான் கொடுத்த ஒன்பது மனுக்களில் நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான். அதையும் நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறேன்.

1. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், களை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவள் நான். காட்டு நெல் நம் நெல்லுக்குப் பங்காளி. பயிரைப் போலவே நிற்கும். கதிர் வந்தால்தான் மீசை தெரியும். முற்றினால் அறுப்புக்கு முன்பே உதிர்ந்து அடுத்த போகத்தையும் கெடுக்கும்.

2. மூன்று வருடம் முன்பு சம்பாவில் குலைநோய் வந்து எங்கள் நெல் கருகியபோது, இந்தக் களை மட்டும் பச்சையாக நின்றது. வேளாண் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் என் பேத்தி இளமதி அதைப் பார்த்துத் துள்ளினாள். நோயைத் தாங்கும் குணம் அதன் மரபணுவில் இருக்கிறதாம். நம் நெல்லோடு அதைச் சேர்த்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் நாலுக்கு மூன்று செடி தப்பினால், அந்தக் குணம் ஒரே மரபணுவில் இருப்பதாகக் கணக்காம். என் பேரப்பிள்ளைகள் நால்வரில் என் பிடிவாதம் இளமதி ஒருத்திக்குத்தான் வந்திருக்கிறது.

3. இந்தப் போகத்தில் எங்கள் வயலில் நின்ற காட்டு நெல்லில் இருபத்திரண்டு செடிகளுக்கு அவள் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனாள். புதிதாகக் களையெடுக்க வருபவர்களுக்கு எதைப் பிடுங்குவது என்று காட்டத்தான் எங்கள் ஊரில் நூல் கட்டுவோம். எனக்கே அடையாளம் காட்டுகிறாளே என்று ரோஷம் வந்து, ஒன்றுவிடாமல் பிடுங்கி எருமைக்குப் போட்டேன். நூல் கட்டாத இரண்டையும் பிடுங்கிவிட்டு, "உன் கண்ணுக்கு ரெண்டு தப்பிச்சிடுச்சே" என்று போனில் கேலியும் செய்தேன். "இன்னா ஆயா பண்ணி வச்சிக்கீற! மூணு வருஷ வேலை ஆயா!" என்றாள். எருமை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தது.

4. இனி மிச்சம், மதகுக்குக் கிழக்கே முப்பது அடிக்குள் வாய்க்காலில் நிற்கும் பதினொரு செடிகள். முன்பு எடுத்த விதை சோதனைக்கே தீர்ந்துவிட்டது. இவையும் போனால் அவளுக்கு விதையே இல்லை. மணி முற்ற இம்மாதக் கடைசி ஆகும். ஞாயிறன்று வந்தவள் மிஷின் வரும் நோட்டீஸைப் படித்துவிட்டு, யார் மனு போட்டது என்று கேட்டாள். பக்கத்து வீட்டு கிரேஸ், "வேற யாரு? உங்க ஆயாதான். ஊடு ஊடா போய்க் கையெழுத்து வாங்கினு இருந்துச்சே" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து இளமதி என்னோடு பேசுவதில்லை.

ஆகவே, அந்த முப்பது அடியை மட்டும் செப்டம்பர் 30 வரை தொடாமல் விடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மணி உதிர்ந்து வீணாகாதபடி கதிர்களுக்குக் கொசுவலைப் பை தைத்துக் கட்டியிருக்கிறேன். விதை கைக்கு வந்த மறுநாள் நானே இறங்கிச் சுத்தம் செய்து தருகிறேன்.

பேத்தியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தங்கள் உத்தரவோடு போனால் கேட்டுவிடுவேன்.

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 04.09.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ச. பூவம்மாள்
(கையெழுத்துதான், கைநாட்டு இல்லை)