மேற்குச் சரிவில் நாற்பத்தொரு நாள்

பிப்ரவரி 3

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

கோழி எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், சின்னவள் எல்லோரும் சுகம்தானே? கடைசியாக உன் கையெழுத்தைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிறது. மலையில் டவர் இல்லாததால்தான் கடிதமாவது வருகிறது, டவர் இருந்தால் போனையும் எடுக்கமாட்டாள் என்று நம் சமையல் மாஸ்டரிடம் சொன்னேன். "பாவம்மா, கைக்குழந்தைக்காரி, அவளுக்கு ஏது நேரம்"னு உனக்காகச் சண்டைக்கு வருகிறார். நீ இங்கிருந்து போய் இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் வைத்த ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்த ஒரே ஆள் நீதான். அந்த நன்றி மனுஷனுக்கு இன்னும் தீரவில்லை.

ஆடுகள் நன்றாக இருக்கின்றன. இன்று கிழக்குச் சரிவில் அறுபத்திரண்டு எண்ணினேன். காலையில் வெயில் விழும் பாறைக்கு ஏறி, உடம்பு காயும்வரை ஒன்றும் செய்யாமல் நிற்கின்றன. அப்புறம் மேய்ச்சல், பத்தரைக்கு மேல் படுத்து அசைபோடுவது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் தாளில் குறிக்கிறேன். பெரியம்மா இன்னும் இருக்கிறாள், வலது கொம்பு நுனி உடைந்த கிழவி. மற்றதெல்லாம் படுத்து அசைபோட, அவள் மட்டும் நின்றுகொண்டே அசைபோடுகிறாள். அவள் கால் எடுத்து வைத்தால்தான் மந்தை கிளம்புகிறது. நேற்று அவள் கொஞ்சம் அசந்து படுத்த நேரம் பார்த்துப் போன வருஷத்துக் குட்டி ஒன்று முதுகில் ஏறி நின்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள் தோற்றாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மேற்குச் சரிவு வழியாக ரோப் கார் விடப் போகிறார்களாமே? ஜீப் டிரைவர் சொன்னார். உன் வனத்துறை ஆபீஸ் பைல்தானே, உனக்குத் தெரியாமல் இருக்காது. நாட்டில் மொத்தமே நானூறு சொச்சம் மலையாடுதான் மிச்சம். கிழக்கை விட்டார்களே என்று சந்தோஷம்தான். இருந்தாலும் நீ போனபிறகு உன் இடத்துக்கு ஆளே போடவில்லை, மேற்குப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. பனி குறைந்ததும் நான் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

சின்னவளுக்கு முத்தம்.

உன் கோழி


பிப்ரவரி 20

என் கோழிக்கு,

திட்டு, திட்டு. திட்ட உனக்கு உரிமை உண்டு. சின்னவளுக்குப் பல் முளைக்கிறது. பகலெல்லாம் என் விரலைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், பேனா பிடிக்க விரல் மிச்சமில்லை.

ஆபீஸில் எனக்கு மூன்றாம் மாடி. ஒரு பக்கம் பைல் அறை, மறுபக்கம் லிப்ட். லிப்ட் நிற்கும் ஒவ்வொரு தடவையும் மேசை லேசாக நடுங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். நான் இன்னும் தற்காலிகம்தான். ஏப்ரலில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்கிறார்கள், வந்தால்தான் நிஜம். வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது என் சம்பளம்தான் வீடு.

ரோப் கார் விஷயம் மேலிடத்தில் முடிவானது. கிழக்கா மேற்கா என்று கேட்டார்கள். நாம் ஆடு எண்ணிய பழைய தாள்களை வைத்து மேற்கு என்று ஆயிற்று. என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

நீ மேற்கே போகாதே. அந்தக் குறுகலான பாறை விளிம்பு இப்போது இன்னும் இடிந்திருக்கும். ஒற்றையாளாகப் போய் ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? சொன்னால் கேள்.

மாஸ்டரை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

உன் ஒட்டகம்


மார்ச் 22

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ சொல்லியும் போனேன். எனக்குக் கயிறு கட்ட மாஸ்டர் விளிம்பு வரை கூட வந்தார். எட்டு நாள் அங்கேயே பாறை இடுக்கில் தங்கினேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விளிம்பைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்தால், மேலே பாறை கவிந்து, காற்று படாத, திண்ணை போல நீளமான பாறைப் படி ஒன்று இருக்கிறது. அங்கே புழுக்கை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. மேலே புதுசு, அடியில் மண்ணாகிப் போனது. கையை விட்டுத் தோண்டினேன், அடி தட்டவில்லை. ஓரத்தில் குட்டிகளின் எலும்பு, பழையது, பால்பல்லோடு. இது ஒரு வருஷம் இரண்டு வருஷத்து வேலை இல்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவே வந்தாள், பின்னால் வயிறு தொங்கப் பதினொரு பெட்டைகள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடத்தை முன்னங்காலால் சுரண்டிப் பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் போல ஒருத்தி மூன்று இடம் மாறினாள்.

ஏப்ரலில் பாதிப் பெட்டைகள் காணாமல் போகுமே, வடக்குப் பள்ளத்தாக்கில் ஈனுகின்றன என்று நாம் எழுதிவைத்தோமே. வடக்கு இல்லை. இங்கேதான் ஈனுகின்றன.

உன் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏப்ரல், மே. நாற்பத்தொரு நாள். எல்லாத் தாளிலும் "ஆடு இல்லை". ஒரு நாள்கூட ஒன்றுகூடவா தென்படவில்லை? மூடுபனியா? வேறு படியைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? எனக்கு ஒரு காரணம் சொல். எதைச் சொன்னாலும் நம்புகிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி கம்பம் நட வெடி வைக்க ஆரம்பிக்கிறார்களாம். குட்டி விழும் சமயம் அதேதான்.

உன் கோழி


மார்ச் 30

கோழிக்கு,

மூடுபனி இல்லை. நான் போகவே இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருஷம் மார்ச் கடைசியில் விளிம்பில் நடக்கும்போது மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து என் தோளை உரசிக்கொண்டு போனது. கீழே விழுந்து அது உடையும் சத்தம் வருவதற்குள் நான் ஏழு எண்ணினேன். மறுநாள் அதே இடத்தில் காலை வைத்தேன், முழங்காலுக்குக் கீழே கால் என்னுடையதாகவே இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலம் உன்னிடம் பாதி சொன்னேன். நீ சாப்பாட்டு மேசையில் மாஸ்டருக்கும் டிரைவருக்கும் நடித்துக் காட்டினாய். "நம்ம ஒட்டகம் இனிமே கட்டில்ல இருந்து இறங்கவே கயிறு கேக்கும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். விளிம்புக்கு இப்புறம் ஒரு பெரிய பாறை இருக்கிறதே, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாற்பத்தொரு நாளும் அங்கேதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு கோடு. காற்று எந்தத் திசை, மேகம் எவ்வளவு, எல்லாம் சரியாக எழுதினேன். ஆடு மட்டும் இல்லை. பொய்யாக ஆடு எழுதுவதைவிட இல்லை என்று எழுதுவது பாவம் குறைவு என்று அப்போது தோன்றியது. எந்தக் காலத்திலும் யாரும் அந்தத் தாளைப் புரட்டப் போவதில்லை என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உன் எட்டு நாள் தாளை இயக்குநருக்கு அனுப்பு. நான் உள்ளேயிருந்து பைலை நகர்த்திவிடுகிறேன். என் பெயர் வராமல் முடிந்தால் முடியட்டும். இந்த மாதம் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

ஒட்டகம்


ஏப்ரல் 9

ஒட்டகத்துக்கு,

தாளை அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்காமல் ஜீப்பில் கீழே இறங்கி, தபால் ஆபீஸிலிருந்து இயக்குநருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார்.

"எட்டு நாள் தாளை வெச்சுக்கிட்டு நாப்பத்தோரு நாள் தாளை எப்படிம்மா தள்ளறது? நாளைக்கு கான்ட்ராக்டர் கோர்ட்டுக்குப் போனா நான் என்ன சொல்ல? அன்னைக்குப் பார்த்தவங்களே அது தப்புன்னு கைப்பட எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கே வேலைய நிறுத்தறேன்."

"எழுதிக் குடுப்பாங்க சார்"னு சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, நடந்ததையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ. நீ உட்கார்ந்திருக்கும் மாடிக்கு இரண்டு மாடி மேலேதான் அவர் அறை.

அந்தச் சாயங்காலம் நான் நடித்துக் காட்டியது எனக்கு ஞாபகமே இல்லை. மாஸ்டரைக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "ஆமாம்மா, சொன்னீங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு, ஆனா அன்னைக்கு ரசம் கேக்கலை." அவர் கவனித்திருக்கிறார். நாளெல்லாம் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது படவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், மனசாரக் கேட்கிறேன். ஆனால் அதை வைத்து இதைக் கழிக்காதே.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பெரியம்மாவோடு இப்போது முப்பத்தொரு பெட்டைகள் அந்தப் படியில். எழுதிக் கொடு. வேலை போனால் இங்கே வா, மூன்று பேரும் வாருங்கள். முகாமில் அறை இருக்கிறது.

உன் கோழி


மே 4

கோழிக்கு,

உன் கடிதம் ஏப்ரல் 13 வந்தது. அன்றே எழுதினேன், ஒரே பக்கம். அதைக் கைப்பைக்குள் வைத்தேன். தினமும் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன், தினமும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் ஐந்தாம் மாடி வரை ஏறி, இயக்குநர் அறை வாசலில் பியூன், "என்ன மேடம், ஐயாவைப் பாக்கணுமா?" என்று கேட்டதும், "இல்ல, தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன்.

மழுப்பாமல் எழுதிவிடுகிறேன், இனி உன்னிடம் ஒரு பொய்கூட வேண்டாம். நிரந்தர உத்தரவு இருபத்து மூன்றாம் தேதி வருவதாக இருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இருபத்து நான்காம் தேதி காலையில் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெடி வைக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதை ஒரு வாரம் முன்னாடி குடுத்திருக்கலாமேம்மா" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானமே வேலையை நிறுத்தச் சொல்லி ஆர்டர் போனது. எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடக்கிறது. வேலை போகாது என்று ஊழியர் சங்கத்தில் சொல்கிறார்கள். நிரந்தரம் ஆகிவிட்டவளை எளிதில் அனுப்ப முடியாதாம். அதைக் கேட்டுவிட்டுப் பைல் அறைக்குள் போய் நின்றுகொண்டேன், வெளியே வரப் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

ஆடுகள் என்ன ஆயின? எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

ஒட்டகம்


ஜூன் 15

ஒட்டகத்துக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் வேலை மட்டும் இல்லை.

முதல் வெடி ஏப்ரல் 20 காலை ஒன்பதே காலுக்கு. அப்போது படியில் இருபத்தாறு குட்டிகள். அதில் பாதிக்கு மேல் பிறந்து மூன்று நாள்கூட ஆகாதவை. பெரிய ஆடு சத்தம் கேட்டால் ஓடும். பச்சைக்குட்டி ஓடாது, கழுத்தை நீட்டிப் பாறையோடு பாறையாக ஒட்டிப் படுத்துவிடும். கழுகிடமிருந்து தப்ப அது நல்ல வழி. பெரியம்மா மந்தையை மேலே இழுத்துக்கொண்டு போனாள். தாய்கள் ஏறுவதும் பாதியில் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தன. பாதுகாப்புக்கென்று வெடி வைக்கும் ஆட்கள் என்னை விளிம்பிலேயே நிறுத்திவிட்டார்கள். பைனாகுலரில்தான் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குறித்தேன், வேறென்ன செய்வேன்?

சாயங்காலம் சத்தம் ஓய்ந்ததும் ஆறு தாய்கள் இறங்கி வந்து குட்டியைக் கூட்டிப்போயின. மறுநாள் மறுபடி வெடி. ஒருத்தி மட்டும் நாலு நாளும் வந்தாள். அவள் நின்ற இடத்தில் கல் சரிந்து மூடிக் கிடந்தது. மடி கனத்துக் கால் அகட்டி நின்றாள். இருபத்தாறில் ஒன்பது குட்டி பிழைத்தது.

அந்த நாலு நாளும் வராமல் தடுக்க நான் ஒன்று செய்திருக்கலாம். உன் மார்ச் 30 கடிதம் என்னிடம்தானே இருந்தது. தபால் ஆபீஸில் போன் பேசும்போதும் பையில்தான் இருந்தது. அதை இயக்குநருக்கு அனுப்பியிருந்தால் போதும். நீயாகச் சொல்ல வேண்டும், உன் மானம் உன் கையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு அப்போது தோழமை என்று பெயர் வைத்தேன். இப்போது என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. உன்மேல் கோபப்பட உட்கார்ந்தால், நடுவில் நான் வந்து நிற்கிறேன். என்மேல் கோபப்பட்டால் நீ வருகிறாய். இரண்டும் முடிவதில்லை.

நீ எழுதிக் கொடுத்ததால் ஐந்தாவது கம்பத்தோடு வேலை நின்றது. மொத்தம் இருபத்திரண்டு கம்பம். அது சின்ன விஷயம் இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்த்தாள் எழுதியவள் ஆவேன்.

பெரியம்மா மந்தையை முகட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். அது நம் சரணாலய எல்லைக்கு வெளியே. அங்கே காவலர் இல்லை, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூடாரம் போட அனுமதி கேட்டேன், கிடைத்துவிட்டது. இரண்டு காவலர்களும் வருகிறார்கள். நாளை காலை கிளம்புகிறோம். மாஸ்டருக்கு மூட்டுவலி, அவர் வரவில்லை. இங்கேயே இருந்து முகாமைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறார்.

அந்தப் பக்கம் ஜீப் போகாது, தபாலும் வராது. வந்தாலும் எழுதுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுத மாட்டேன். உன் கையெழுத்தைக் கண்டால் அந்தப் படிதான் முன்னால் வரும். என் கையெழுத்தைக் கண்டால் உனக்கும் அதுதான் வரும். நாம் இரண்டு பேரும் அதைத் தினமும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சின்னவளை நன்றாகப் பார்த்துக்கொள். அவள் எதற்காவது பயந்தால், யாரையும் சிரிக்க விடாதே.

கோழி