மூன்றாம் நாள் உபயம்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் உன் முகத்தில்தான் விழித்தேன். கடையின் பின்பக்கம் கூரை ஒழுகுகிறது. நேற்றைய மழைக்கு உரமூட்டைகள் நனையாமலிருக்க, கடை முதலாளி தவுக்கே, கையில் கிடைத்த பேனரை எடுத்து மேலே போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். அது உன் பேனர். கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கைகள், பட்டு ஜிப்பா. மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். மூக்கின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது, துடைத்துவிட்டேன். தவுக்கேயிடம் கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ இருந்திருந்தால், "பாத்தியாலா மச்சான், செத்தும் மூட்டைய காவல் காக்குறேன்" என்று சுங்கை சிப்புட் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாய்.

படத்துக்குக் கீழே உள்ள எழுத்து இன்னும் அழியவில்லை. 'மூன்றாம் நாள் உபயம். மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி.' வெளியூர்க்காரர் யாராவது படித்தால், மாரியம்மன் திருவிழாவுக்கும் களைக்கொல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று தலையைச் சொறிவார். அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவர்கள் நாம் இருவர். நீ போன பிறகு வந்த முதல் திருவிழா போன மாதம் முடிந்தது. அதில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாம் குடியிருந்த தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று நம்மை லயத்து வீடுகளிலிருந்து கிளப்பியபோது எனக்கு இந்த உரக்கடை வேலை கிடைத்தது. உனக்கு முதுகில் ஒரு பம்பு கிடைத்தது. அடுத்தவர் செம்பனைக் காட்டில் லாலாங் புல்லுக்கு மருந்தடித்தாய். பிறகு நீயே கான்ட்ரேக் எடுத்தாய், ஆள் வைத்தாய், லாரி வாங்கினாய். இடையில் என் தங்கச்சியையும் கட்டிக்கொண்டாய். மருந்து வாங்க என் கடைக்கே வருவாய். பேரம் பேசும்போது மட்டும் சொந்தம் ஞாபகம் வரும் உனக்கு.

திருவிழாவில் மூன்றாம் நாள் உன்னுடையது. அன்றைய பூசை, சாப்பாடு, மேளம் எல்லாம் உன் செலவு. நாதஸ்வரக் கோஷ்டியைப் பினாங்கிலிருந்து கொண்டுவந்து இறக்குவாய். அதே நீ, ஆட்களுக்கு ஆளுக்கொரு ஜோடி கையுறை வாங்கிக் கொடு என்றால் காது கேளாதவன்போல் லாரியில் ஏறிவிடுவாய்.

ஒருநாள் உன் ஆள் ஒருவன் என் கண்ணெதிரே, மூடி இறுகியிருக்கிறதென்று மருந்துப் போத்தலைப் பல்லால் கடித்துத் திறந்தான். நான் போட்ட சத்தத்துக்கு அவன் சிரித்தான், வாயைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டான், போய்விட்டான். அந்த வாரம் எங்கள் கடைக்கு ஈப்போவிலிருந்து ஒரு மிஸ் வந்தார். மருந்தடிப்பவர்களுக்கு வகுப்பு எடுப்பவர். மானியம் வந்துகொண்டிருந்தவரை ஈப்போவில் இலவசமாகவே நடத்தினாராம். உன் ஆட்கள் ஒருவரும் போனதில்லை. பாடம் இலவசம்தான், ஆனால் அன்றைய கூலியை யார் தருவது? பிறகு அந்த மானியமும் நின்றுபோனது.

"நான் வந்து சொல்லிக் குடுக்குறேன் அண்ணே, எனக்கு ஒன்னும் வேணாம்" என்றார். "சாமானுக்கும் கிளவ்ஸுக்கும் யாராச்சும் பொறுப்பு எடுக்கணும். முக்கியமா அவங்களோட ஒரு நாள் கூலிக்கு."

நான் உன்னை ஒட்டுக்கடையில் பிடித்தேன். நீ கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாய், "பம்ப தோள்ல மாட்டத் தெரிஞ்சவனுக்கு என்னாத்துக்குலா பாடம்? ச்சூத்தியும் குடுத்து காஜியும் குடுக்கணுமா? லீவு போட்டவனுக்குச் சம்பளம் குடுக்குற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

"மூணாம் நாளு எப்படியும் வேல இல்ல. அன்னைக்குக் காலையில கோயில் மண்டபத்துல வெச்சிக்கலாம். அதையும் உபயத்துல சேத்துரு. பேனர்ல உன் படத்தப் பெருசா போடுறேன்."

கோப்பி ஆற்றிய கை நின்றது. "எவ்ளோ பெருசு?"

அப்படித்தான் அந்தப் பேனர் வந்தது. அம்மன் படத்தைவிட உன் படம் பெரிதாக இருக்கிறதென்று கோயில் தலைவர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காலையை நான் மறக்கவில்லை. மிஸ், பம்புகளில் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் ஒரு சாயத்தைக் கலந்திருந்தார். தொட்டால் கெடுதல் இல்லாத, கண்ணுக்குத் தெரியாத சாயம். உன் ஆட்களில் பாதிப்பேர் தமிழர்கள், பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த புல்லில் எப்போதும் அடிப்பதுபோலவே அடித்தார்கள். பிறகு தேத்தண்ணியும் வடையும் கொடுத்தோம். நீ பம்பைத் தொடவே இல்லை. தேர்தலில் நிற்பவன்போல் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாய், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினாய், மீசையை முறுக்கிப் படம் எடுத்துக்கொண்டாய்.

பிறகு மிஸ் கதவுகளைச் சாத்தச் சொன்னார். சன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். இருட்டில் அவர் ஒரு நீல விளக்கை ஏற்றி, ஆட்கள் பக்கம் திருப்பினார். பட்ட இடமெல்லாம் மினுங்கியது. கழுத்தில், பம்பு கசிந்த முதுகில், கைப்பேசியில், தேத்தண்ணிக் குவளையில், வடைத் தட்டில், குழாய்த் திருகில். ஒருவன் உதட்டைப் பார்த்து இன்னொருவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எனக்கு என்னாத்துக்கு? நான்தான் தொடவே இல்லையே" என்று நீ பெருமையாகக் கையை நீட்டினாய். உள்ளங்கை முழுக்க வெளிச்சம். மீசையின் இரண்டு நுனியும் மினுங்கின. வேட்டியில் கை துடைத்த இடம் மினுங்கியது. விளக்கு கொஞ்சம் கீழே இறங்கியது. உன் மடியிலிருந்த பேத்தியின் கன்னத்தில், நீ கிள்ளிக் கொஞ்சிய இடத்தில், உன் விரல்கள் அப்படியே தெரிந்தன. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உன்னைக் கேலி செய்யலாம் என்று நான் வெளியே வந்தேன். நீ குழாயடியில் நின்று கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"மச்சான், நான் மருந்தடிச்ச காலத்துல என் சட்டையெல்லாம் யாரு துவைச்சா?"

துவைத்தவள் என் தங்கச்சி. அவள் உள்ளங்கைகள் அந்த நாட்களில் தோல் உரிந்து வெடித்துக் கிடக்கும். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். சோப்புத்தூள் சேரவில்லை என்று நாமே முடிவுசெய்து, கடையிலிருந்த ஒவ்வொரு தூளையும் மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தோம்.

"டாக்டருகிட்ட சோப்பு பேரத்தான்லா சொன்னேன்" என்றாய். "மருந்து பேர சொல்லணும்னு தோணவே இல்ல."

அவள் கைகளைக் கெடுத்தது உன் சட்டையிலிருந்த மருந்துதான் என்று எந்த டாக்டரும் நமக்குச் சொல்லவில்லை. இனிமேல் யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் குழாயடியில் நீ அதை நம்பினாய், நானும் நம்பினேன்.

அடுத்த வருடம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. மற்ற கான்ட்ரேக்டர்களின் ஆட்களும் வகுப்புக்கு வர வேண்டும், அவர்களுக்கும் அன்றைய கூலி கிடைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாய். தனியாக ஒருவரையும் கேட்க மாட்டாய். ஒட்டுக்கடையில் கூட்டம் நிறைந்த நேரம் பார்த்து, கடைசி மேசையிலிருந்தே சத்தம் போடுவாய், "அண்ணே, கோயிலுக்கு லட்சணமா விளக்கு வாங்கிக் குடுத்தீங்களே, உங்க ஆளுங்களுக்கு ஒரு நாள் காஜி குடுக்க மாட்டீங்களா?" நான் வெட்கத்தில் தலையைக் குனிந்து கோப்பிக்குள் முகத்தைப் புதைப்பேன். வெளியே வந்ததும் உன்னைத் திட்டுவேன். "தனியா கேட்டா யோசிக்கிறேன்னு சொல்லுவான். நாலு பேரு முன்னால கேட்டாத்தான்லா சரின்னு சொல்லுவான்" என்பாய். அப்படியே பல வருடம் நடத்தினாய்.

பிறகு ஒருநாள் லாரியில் சாமான் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை.

தொழிலை உன் மகன் எடுத்துக்கொண்டான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன். திருவிழாவுக்கு முன்னால் கடைக்கு வந்தபோது கேட்டேன்.

"பூசையும் மேளமும் அப்பா செஞ்ச மாரியே செஞ்சிருவோம் மாமா. கிளாஸ் மட்டும் இந்த வருஷம் வேணாம். ஆளும் கெடைக்கல, சாமான் வெலையும் ஏறிப்போச்சு. வேல செய்யாத நாளுக்குக் காஜி குடுக்குறது ரொம்ப சூசா மாமா, கட்டுப்படியாவாது."

நான் தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். தனியாகக் கேட்டேன், கிடைத்தது அவ்வளவுதான். உன் பழைய ஆட்களில் பலர் போய்விட்டார்கள் மச்சான். இப்போது இருப்பவர்களில் அந்த நீல விளக்கைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் என் கடைக்கு வந்து வெறுங்கையால் போத்தலைத் தூக்கிக்கொண்டு போவதை நான்தான் தினமும் பார்க்கிறேன்.

உபயங்களை முடிவுசெய்யக் கோயிலில் கூட்டம் கூடியது. நான் எழுந்து நின்றேன். ஒட்டுக்கடையில் நீ சத்தம் போடுவதுபோல் கேட்டேன்.

"மூணாம் நாள் உபயக்காரருக்கு ஒரு கேள்வி. மருந்தடிக்கிறவங்களுக்குப் பயிற்சி உண்டா இல்லையா? கூலி உண்டா இல்லையா? இங்கேயே சொல்லிருப்பா."

உன் மகன் முகம் சிவந்துவிட்டது. "மேளமும் வேணும், சாப்பாடும் வேணும், அதுவும் வேணும்னா நான் எங்க மாமா போவேன்?"

பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கச்சி எழுந்தாள். கோயில் கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்ப மேளத்த நிறுத்து. கூலிய நிறுத்தாத."

"மேளம் இல்லாம சாமி எப்படிம்மா வெளிய வரும்?" என்றார் தலைவர்.

"சாமி கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "இன்னொன்னும் கேளு. அடிக்கிறவங்கள மட்டும் கூப்புட்டா பத்தாது. அந்தச் சட்டைய துவைக்கிறவங்களையும் கூப்புடு."

அவன் தலையைக் குனிந்தபடியே, "சரிம்மா" என்றான்.

இந்த வருடம் பினாங்கு நாதஸ்வரம் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு, புந்தோங்கிலிருந்து உறுமி மேளப் பையன்கள் சாப்பாடு போட்டால் போதும் என்று வந்தார்கள். அம்மன் ஒரு குறையும் இல்லாமல் வெளியே வந்தாள். காலையில் மண்டபத்தில் பெண்களே இரண்டு வரிசை. என் தங்கச்சி முன்னால் போய், முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு, சாயம் பட்ட ஒரு சட்டையைத் தனி வாளியில் போட்டுத் துவைத்தாள். உன் மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். முதல் தண்ணீரில் சட்டை மினுங்கியது. இரண்டாவதிலும் மினுங்கியது. அவள் விடவில்லை, மறுபடி தண்ணீர் பிடித்தாள். பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சட்டை இருட்டாகிவிட்டது, அவள் அதை உயர்த்திக் காட்டினாள்.

எல்லாம் முடிந்து வாளிகளைக் கவிழ்த்தபோது கேட்டாள், "அவரு இருந்திருந்தா மேளத்த விட்டிருப்பாராண்ணே?"

"விடுவானா? ரெண்டையும் செஞ்சிட்டு லாரிய வித்திருப்பான்" என்றேன்.

நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். நீ இல்லாதது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, மச்சான்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, நாலு பேர் முன்னால் வெட்கமில்லாமல் கேட்கும் அந்த வாய் மட்டும்தான். அது உனக்குப் பொருந்தியதுபோல் எனக்குப் பொருந்தவில்லை. அடுத்த வாரம் பத்து காஜா பக்கம் ஒரு கோயிலில் கூட்டம். அங்கேயும் மருந்தடிக்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்களாம். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. இருந்தாலும், பயிற்சி உண்டா, கூலி உண்டா என்று போய்க் கேட்பேன்.