ஏழாம் திட்டின் ஐந்து பூஜ்யங்கள்

அன்பு மருமகளுக்கு,

பன்னிரண்டு காட்டுத் திட்டுகளின் பேரரசரும், நாற்பது எலிப்பொறிகளின் தளபதியும், காலிக்கட்டங்களுக்கு எமனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய மாமன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, என் இரண்டு முழங்கால்கள் ஆக நால்வரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் கணினியும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை, சளி பிடித்த காட்டெருமை ஒன்று தும்மியதில் கூடாரம் பறந்த கதையை இருபது நிமிடம் சொன்னேன். இரண்டாம் தடவை அதே எருமை குணமானதைச் சொன்னேன். நீ சிரித்தாய். நீ சிரித்தால் எனக்கு வாய் வேறு பக்கம் போய்விடுகிறது. காகிதம் சிரிக்காது. அதனால் கையால் எழுதுகிறேன். நம் ஆய்வு நிலைய மேடம் இதைப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவார்.

முதலில் நல்ல செய்தி. நீ இங்கே வேலை பார்த்த இரண்டு வருடத்தில் இடுப்பளவு இருந்த கன்றுகளை இப்போது பார்த்தால் நம்ப மாட்டாய். அண்ணாந்து பார்த்தேன், தொப்பி விழுந்தது. தொப்பி தரைக்கு வந்து சேர்வதற்குள் உச்சியில் இரண்டு கிளை கூடுதலாக முளைத்துவிட்டது. மூன்றாம் திட்டில் குரங்கு ஒன்று கேமராவைக் கழற்றித் தன்னைத்தானே நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருக்கிறது. அத்தனையையும் பெயர், தேதி, நேரம் போட்டுச் சேமித்துவிட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை.

ஒன்றைக்கூட விடவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

என் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? பதினோரு வருடத்தில் ஒரு காலிக்கட்டம்கூட இல்லாத நிலையம், நூற்றுக்கு நூறு என்று அதில் இருக்கும். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டினேன். தபால்காரருக்கு நான்கு முறை. கழிவறைக் குழாய் சரிசெய்ய வந்தவர், கையில் குழாயோடு, அதைப் படித்து முடித்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. அதற்குக் கீழே, உன் கையெழுத்தில் நீ ஒட்டிவிட்டுப் போன சின்னத் தாள். போய்ப் பொறியைப் பார்த்து எலி எதுவும் மாட்டாவிட்டால் பூஜ்யம். போகவே இல்லையென்றால் கோடு. இரண்டும் ஒன்றல்ல. அடியில் மாமாவுக்கு மட்டும் என்று எழுதி, எலி படம் போட்டிருந்தாய். மீசை வைத்த எலி. மீசை என்னுடையது.

அந்த எலிதான் இப்போது என்னை முறைக்கிறது.

போன மழைக்காலத்தில் ஏழாம் திட்டுக்குப் போகும் ஓடையின் மரப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றுவழி இருக்கிறது, மேட்டில் ஏறி இறங்க வேண்டும். பொறி சுமக்கும் கூட்டாளியை அந்த மாதங்களில் நாற்றங்கால் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே நான் தனியாகவே போனேன். அதாவது, போகவில்லை. பாலம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் காவலாளியின் கொட்டகை இருக்கிறதல்லவா, அங்கே போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் திரும்பி வந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. அதை மேடத்திடம் சொன்னால் என்னை அலுவலக அறையிலேயே உட்கார வைத்துவிட்டு, மலை ஏறுகிற ஒருவரைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன். ஐந்து மாதம். மாதம் ஒரு கட்டம்.

கணினியில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் சிவப்பாக மின்னும். கோடு போட்டால் மின்னாது. ஆனால் நூற்றுக்கு நூறு போய்விடும். முதல் மாதம் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பூஜ்யம் போட்டேன். இரண்டாம் மாதம் அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஐந்தாம் மாதம் விசில் அடித்துக்கொண்டே போட்டேன், கண்ணு. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உன் அத்தைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. முழங்கால்வரை சேறு இருக்க வேண்டிய கால்சட்டை, விளிம்புகூட நனையாமல் வீட்டுக்கு வந்ததைத் துவைக்கிறவள் பார்க்காமல் இருப்பாளா? ஒன்றும் கேட்கவில்லை. தைலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போன வாரம்தான் சொன்னாள்: "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஊரு உலகத்துக்கே கதை சொல்ற வாய், இதை மட்டும் சொல்லவே இல்ல."

நீயோ கேட்டாய். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கணக்கில் தவறி ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நீ போன் செய்து, "மாமா, மழை மாசத்துல கூடவா ஒண்ணுமே மாட்டல? மத்த திட்டுல எல்லாம் எலி கூடியிருக்கே, நெஜமாவே போய்ப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "ஒரு வால் நுனிகூட இல்லம்மா! ஆந்தையும் பாம்பும் ஷிப்ட் போட்டு வேலை பாக்குதுங்க. ஒரு ஆந்தைக்கு ஓவர்டைம் வேற" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு உன் கட்டுரை வந்தது. நான்காம் பக்கத்தில், முழுதாய் வளர்ந்த காட்டில் ஆந்தைகளும் பாம்புகளும் எலிகளைக் குறைத்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தாய். நான் வாய்க்கு வந்தபடி விட்ட ஆந்தை உன் கட்டுரையில் போய் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில், களத் தரவுக்காக என் மாமாவுக்கு நன்றி என்று இருந்தது. அந்தப் பக்கத்தை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டாமல் மடித்து வைத்தேன்.

இப்போது மேடம் உனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இல்லாததைச் சொல்கிறேன். ஏழாம் திட்டின் ஐந்து எண்கள் சரிபார்ப்பில் இருக்கின்றன என்று மட்டும்தான் அவர் எழுதியிருக்கிறார். மீதியை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தார்.

நடவு வேலைக்காரர்களுக்குப் புதுக் குடியிருப்பு கட்ட இடம் தேடினார்கள். உன் முடிவைப் பார்த்து, எலியில்லாத இடம், நோய் பயமில்லை என்று ஏழாம் திட்டின் ஓரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நான்கு குடும்பம் போனது. நடவுக் குழுத் தலைவியை உனக்குத் தெரியும். நாம் புயல் என்று கூப்பிடுவோமே, அவள் குடும்பமும் அதில் ஒன்று. குடிபோன மூன்றாம் நாளே அலுவலகத்துக்கு வந்து என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன சார், எலியே இல்லன்னீங்க, ராத்திரி பூரா கூரைமேல ஓட்டப்பந்தயம் நடக்குது. அரிசி மூட்டையில ஓட்டை போட்டு, ரசீது மட்டும்தான் குடுக்கல" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினேன். "இங்க பாரும்மா. அஞ்சு மாசம், அஞ்சு பூஜ்யம். நீ பாத்தது அணிலா இருக்கும்" என்றேன். அவள் அந்தப் பூஜ்யங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா சரி சார்" என்று போய்விட்டாள்.

யாருக்கும் அடங்காதவள். என் பூஜ்யத்துக்கு அடங்கினாள்.

பதினெட்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நிற்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே டாக்டர் வந்து, "வீட்டுப் பக்கம் எலி நடமாட்டம் உண்டா?" என்று கேட்டார். அவள் புருஷன் என்னைக் கையால் காட்டி, "இல்ல டாக்டர். இவங்க ஆபீஸ்லயே அஞ்சு மாசம் பாத்து எழுதி வெச்சிருக்காங்க. எலியே கிடையாது" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஆமாம், தலையாட்டினேன். டாக்டர் சீட்டில் எதையோ அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் காலையில்தான் போய்ச் சொன்னேன். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை என்று. டாக்டர் திட்டவில்லை. உடனே ஊசியை மாற்றி எழுதினார். எழுதிக்கொண்டே, "நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கு" என்றார். அந்த ஒரு நாளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக மேடத்திடம் போனேன். முழுவதையும் கேட்டார். "பதினோரு வருஷமா நீங்க வாயைத் தொறந்தாலே சிரிச்சிருக்கேன். இன்னிக்கு வரல" என்றார். அன்று மதியமே நான்கு குடும்பத்தையும் பயிற்சிக் கூடத்துக்கு மாற்றினார். பழைய எண்களை அழித்துவிட்டுப் புதுக் கோப்பு போடட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, கூடாது என்றார். நீ வைத்துவிட்டுப் போன முறைதான். பழைய எண் தெரியும்படியே அடித்து, பக்கத்தில் திருத்தம், தேதி, காரணம், கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் "போகவில்லை, பொய்யாக எழுதினேன்" என்று என் கையாலேயே எழுதினேன். சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. உன் தாள் இருக்கிறது.

பிறகு ஏழாம் திட்டுக்குப் போனேன். இந்த முறை உண்மையாகவே. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு. என்னோடு பொறிகளைச் சுமந்து வந்தது யார் தெரியுமா? புயலின் புருஷன்தான். நான் கூப்பிடவில்லை, வந்து நின்றார். வழி முழுக்க ஒரு வார்த்தை திட்டவில்லை. மேட்டில் நான் தடுமாறும்போதெல்லாம், "இடது காலை மொதல்ல வைங்க சார்" என்று மட்டும் சொன்னார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் முழங்கால் வலியாவது மறந்திருக்கும்.

நாற்பது பொறி, நான்கு நாள். முதல் நாள் காலையிலேயே பதினேழு. மொத்தம் அறுபத்தொன்று. நான் மிகைப்படுத்தவில்லை, அம்மாடி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எண்ணைப் பெரிதாக்காமல் சொல்கிறேன். ஒன்று குறைவாக இருக்கக் கூடாதா என்று இரண்டு முறை எண்ணினேன். எலிகளின் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு வர வேண்டும். அந்தக் கட்டத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மேடத்துக்கு நீ எழுதிய பதிலைப் பார்த்தேன். ஐந்து கட்டம்தானே, தட்டச்சுப் பிழையாக இருக்கும், மாமா போட்ட எண் தப்பாகாது, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். படிக்காதே, கண்ணு. அந்தக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் இன்னும் மூன்று இடத்தில் இதேபோல் குடியிருப்பு கட்டக் காத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு புயல் இருப்பாள். அவளிடம் திரையைத் திருப்பிக் காட்ட அங்கேயும் ஒரு ஆள் இருப்பான். இது உன் முதல் கட்டுரை, மூன்று வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும். காடு வளர்ந்தால் நோய் குறையுமா கூடுமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் இன்னும் தெரியாது. மற்ற பதினோரு திட்டுகளுக்கும் நான் போனேன். அந்த நோட்டுப் புத்தகங்களை மேடம் அனுப்புகிறார். ஆனால் என் வார்த்தையை நம்பாதே. வேறு ஒருவரை விட்டுச் சரிபார்.

கூட்டத்தில் யாராவது ஏன் என்று கேட்டால் என்னைக் கையால் காட்டு. புயலின் புருஷன் காட்டியதுபோல். இந்தத் தடவை சரியாகத் தலையாட்டுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். புயல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். சிறுநீரகம் பற்றி இன்னும் பத்து நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கிளம்பும்போது, "சார், அது அணில் இல்லல்ல?" என்றாள். இல்லம்மா என்றேன். "அது போதும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் போனபிறகு அக்காவுக்கும் போன் செய்வேன். எருமைக் கதை இல்லாமல். நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படித்துவிட்டு நீ கூப்பிடாவிட்டால் எனக்குக் காரணம் தெரியும். நன்றாக இரு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாயே, அதை எடுத்துவிடு. என் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள், அம்மாடி. பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதே.

உன்
மாமா